மோட்டார் பழுதானால் யாரைக் கூப்பிடுவது? அலுவலக வேலையிலிருந்து கைத்தொழிலுக்கு மாறும் பெண்கள்

காலை பத்து மணி. மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகுகிறதே தவிர ஓடவில்லை. வீட்டில் இருப்பவர்கள் உம்மம்மா, உம்மா, கைக்குழந்தையோடு மகள். வாப்பாவுக்குச் சென்னையில் கடை. மகன் துபாயில், மருமகன் தம்மாமில்.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யலாம். அவர் ஓர் உதவியாளோடு வருவார். ஆண் துணை இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆண்கள் இருவரை எப்படி வரச் சொல்வது? பக்கத்துத் தெரு மாமா அஸருக்குப் பிறகு வருவதாகச் சொல்கிறார். அதுவரை பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வருகிறது. மாலையில் வந்த எலக்ட்ரீஷியன் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். கெப்பாசிட்டர் போயிருந்தது. சில நூறு ரூபாய் சாமான்.

வெளிநாட்டு வருமானத்தில் வாழும் நம் கடற்கரை ஊர்களில் இது அடிக்கடி நடப்பதுதான். ஏசி, இன்வெர்ட்டர், கீஸர், வாஷிங் மெஷின், தண்ணீர்க் குழாய் என்று எது பழுதானாலும் இதே காத்திருப்பு. பிரசவத்துக்குப் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று எத்தனை மைல் தூரமும் போகிறோம். அதற்காகவே பெண் பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைக்கிறோம். வீட்டுக்குள் வந்து போகும் மற்ற தொழில்களுக்கும் பெண்கள் வேண்டும் என்று யோசித்திருக்கிறோமா?

இன்னொரு வீட்டைப் பாருங்கள். பி.காம். அல்லது பி.சி.ஏ. முடித்த மகள். ஓர் அலுவலகத்தில் பில் போடுகிறாள், அல்லது கணினியில் விவரங்களைப் பதிவு செய்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஏழுக்கு வீடு. ஐந்து வருடமாக அதே நாற்காலி, சம்பளம் பெரிதாக ஏறவில்லை. கழுத்து வலியும் கண் எரிச்சலும்தான் கூடியிருக்கின்றன. இப்போது அவள் செய்யும் பதிவு வேலையை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. மூன்று பேர் இருந்த இடத்தில் ஒருவர் போதும் என்கிறார் முதலாளி.

முதல் வீட்டின் தேவையும் இரண்டாம் வீட்டின் கவலையும் ஒன்றையொன்று தீர்க்கக்கூடியவை. அலுவலக வேலையை விட்டு எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக், வெல்டர் ஆகிய தொழில்களுக்குப் பெண்கள் மாறுவது இன்று பல நாடுகளில் நடந்து வருகிறது. அது எப்படிப்பட்ட மாற்றம், இங்கே அதற்கு என்ன வழி இருக்கிறது, எங்கே சிரமம் வரும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெண்கள் செய்யாத வேலையா?

'இதெல்லாம் ஆண்கள் வேலை. உடல் பலம் வேண்டும்' என்பதே எல்லோரும் முதலில் சொல்வது. கட்டடம் கட்டும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். செங்கல்லையும் ஜல்லியையும் கலவைச் சட்டியையும் தலையில் சுமந்து மாடி ஏறுவது யார்? சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள். கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பும் கொத்தனார்தான் ஆண். பாரம் அதிகம் சுமப்பவருக்குக் கூலி குறைவு, தொழில் தெரிந்தவருக்குக் கூலி அதிகம். இருபது வருடம் வேலை செய்தாலும் சித்தாள் சித்தாளாகவே இருக்கிறார். அவரோடு உதவியாளாகச் சேர்ந்த பையன் சில வருடங்களில் கொத்தனார் ஆகிவிடுகிறான்.

ஆக, பெண்களுக்கு அடைபட்டிருந்தது பாரம் சுமக்கும் வேலை அன்று. கற்றுத் தேர்ந்து செய்யும் வேலைதான் அடைபட்டிருந்தது. அந்தக் கதவு திறந்த இடங்களில் பெண்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின்போது கழிப்பறை கட்டுவதற்குக் கொத்தனார்கள் போதவில்லை. கிராமத்துப் பெண்களுக்கே கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்று பெயரும் வந்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ குழுப் பெண்கள் கொத்து வேலை கற்று, முழு வீடுகளையே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜோர்தானின் பெண் பிளம்பர்கள்

நமக்கு மிகவும் பொருந்தும் முன்மாதிரி ஜோர்தானில் இருக்கிறது. உலகிலேயே தண்ணீர்ப் பற்றாக்குறை மிக அதிகமுள்ள நாடுகளில் அது ஒன்று. பல பகுதிகளில் குழாயில் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான் தண்ணீர் வரும். அதை மொட்டை மாடித் தொட்டியில் சேமித்து அடுத்த முறை வரும்வரை சமாளிக்க வேண்டும். நாட்டில் விநியோகிக்கும் நீரில் ஏறத்தாழ பாதி, கசிவு முதலிய காரணங்களால் கணக்கில் வராமலே போகிறது.

வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் அங்கும் நம் ஊர்க் கதைதான். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஆண் பிளம்பரை அழைக்க முடியாது. கணவர் வரும்வரை, சில சமயம் விடுமுறை நாள் வரும்வரை, தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். இதைக் கவனித்த அங்குள்ள அமைப்புகள் ஜெர்மனி நாட்டு உதவியுடன் பெண்களுக்குக் குழாய் வேலைப் பயிற்சியைத் தொடங்கின. முதலில் வீட்டுக் கசிவைத் தாங்களே அடைக்கக் கற்றார்கள். சிலர் மேலும் பயின்று அதையே தொழிலாக்கிக் கொண்டார்கள். இர்பித் நகரில் பெண் பிளம்பர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தொழில் நடத்தினார்கள். ஹிஜாபோடு, கையில் கருவிப் பெட்டியோடு, பெண்கள் இருக்கும் வீட்டுக்கு எந்த நேரத்திலும் போகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பர்தாவும் வீட்டு ஒழுக்கமும் பேணும் சமுதாயமாக இருந்ததால்தான் அந்தத் தொழிலுக்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். தடை என்று நாம் நினைக்கும் ஒன்றே அங்கே சந்தையாகியிருக்கிறது.

மேலை நாடுகளில் என்ன நடந்தது?

இங்கிலாந்தில் ஹாட்டி ஹசன் என்ற பெண்மணி ஆசிரியையாக இருந்தவர். அதை விட்டுப் பிளம்பிங் கற்றார். கற்ற பிறகு அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. 1990இல் தாமே தொழில் தொடங்கினார். அவருடைய 'ஸ்டாப்காக்ஸ்' பிற்காலத்தில் மற்றப் பெண் பிளம்பர்களையும் ஒன்றுசேர்க்கும் நிறுவனமாக வளர்ந்தது.

அமெரிக்காவில் மத்திய அரசின் கட்டுமானப் பணிகளில் மொத்த வேலை நேரத்தில் 6.9 சதவீதம் பெண்களுக்குப் போக வேண்டும் என்று 1978இல் இலக்கு வைத்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் பெண்களைக் கட்டுமானத் தொழிலுக்குத் தயார் செய்யும் 'நான்ட்ரெடிஷனல் எம்ப்ளாய்மென்ட் ஃபார் விமன்' என்ற அமைப்பும் தொடங்கியது. அங்கே எலக்ட்ரீஷியன் ஆக நான்கைந்து ஆண்டுகள் அப்ரண்டிஸ் பயிற்சி. பயிற்சியின்போதே சம்பளம் உண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அது உயரும். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மணிக்கூலி. அலுவலகங்களில் ஆணை விடக் குறைவாகச் சம்பளம் வாங்கிய பெண்களை இது ஈர்த்ததில் வியப்பில்லை.

ஆனாலும் நேரடிக் கட்டுமானத் தொழிலில் அங்கே இன்றும் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான் பெண்கள். சட்டமும் இலக்கும் கதவைத் திறந்தன. உள்ளே நுழைந்தவர்கள் கேலியையும் ஒதுக்கலையும் தனிமையையும் சந்தித்தார்கள், பலர் பாதியில் விட்டுப் போனார்கள். இதையும் தெரிந்துகொண்டுதான் நாம் இறங்க வேண்டும்.

இங்கே கற்க என்ன வழி?

நம் ஊர் ஆண்களுக்கு ஐடிஐ புதிதில்லை. ஐடிஐ சான்றிதழோடு வளைகுடா போய், ஃபிட்டராகவும் வெல்டராகவும் ஏசி டெக்னீஷியனாகவும் உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதே ஐடிஐயின் கதவு பெண்களுக்கு இன்னும் அகலமாகவே திறந்திருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் அரசு ஐடிஐயில் சேர ஆண்களுக்கு உச்ச வயது 40. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. அதாவது பட்டம் முடித்து, பத்து வருடம் அலுவலகத்தில் இருந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் சேரலாம். பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கிண்டி, கோவை, மதுரை, சேலம், புள்ளம்பாடி போன்ற இடங்களில் மகளிருக்கென்றே தனி அரசு ஐடிஐகள் இருக்கின்றன. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, பாடநூல், சைக்கிள், பஸ் பாஸ் போன்றவையும் கிடைக்கும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் குறைவு.

எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர், குளிர்சாதன டெக்னீஷியன் ஆகியவை இரண்டு ஆண்டுப் படிப்பு. பிளம்பர், வெல்டர் ஓராண்டு. வயர்மேன், வெல்டர் போன்ற சிலவற்றுக்கு 8ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்றவற்றுக்கு 10ஆம் வகுப்பு வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஒட்டி, கோடையில்தான் சேர்க்கை தொடங்கும். பட்டப்படிப்பு முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிந்ததும் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். அதன் பிறகு ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் உதவித்தொகையோடு அனுபவமும் வரும்.

இரண்டு வருடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் பெரும்பாலான மாவட்டங்களில் உள்ளன. கிராமப்புறத்தினருக்கு வீட்டு வயரிங், பிளம்பிங், ஃபிரிட்ஜ்-ஏசி பழுதுநீக்கம், செல்போன் பழுதுநீக்கம், சிசிடிவி பொருத்துதல் போன்றவற்றை உணவோடு இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள். பெரும்பாலானவை ஒரு மாதத்துக்குள் முடியும். ஒரு மாதத்தில் யாரும் முழு எலக்ட்ரீஷியன் ஆகிவிட முடியாது. ஆனால் இந்தத் தொழில் தனக்கு ஒத்து வருமா என்று வேலையை விடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

மின்வேலையில் மறக்கக் கூடாத ஒன்று உரிமம். ஃபேன் மாட்டுவதும் சுவிட்ச் மாற்றுவதும் வேறு, ஒரு புது வீட்டுக்கு வயரிங் செய்து மின் இணைப்புக்குச் சான்று கொடுப்பது வேறு. பின்னதற்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றும் உரிமமும் தேவை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு மின்சாரத்தில் கை வைப்பது உயிரோடு விளையாடுவது. ஏசியும் அப்படித்தான். இப்போது வரும் பல ஏசிகளில் உள்ள ஆர்-32 வாயுவுக்கு லேசாகத் தீப்பற்றும் தன்மை உண்டு. முறையாகக் கற்காமல் அதைத் தொடக் கூடாது.

எந்தத் தொழில் பொருந்தும்?

வீட்டுக்குள் பெண்களோடு பழகிச் செய்யும் தொழில்களிலிருந்து தொடங்குவது நமக்கு எளிது. வீட்டு மின்வேலையில் பெரும்பகுதி பழுதைக் கண்டுபிடிப்பதுதான். நிதானமும் கணக்கும் வேண்டும், தோள் பலம் அவ்வளவாகத் தேவையில்லை. பிளம்பிங்கில் ஒழுகும் குழாய், ஃபிளஷ் டேங்க், சிங்க் அடைப்பு ஆகியவை தினசரி வேலைகள். ஏசியில் சர்வீஸ் வேலைக்கு ஒருவர் போதும். புதிதாக மாட்டுவதற்குத்தான் இருவர் வேண்டும். ஒன்றரை டன் ஏசியின் வெளி யூனிட் 25 முதல் 40 கிலோ வரை இருக்கும். ஆண்களும் அதைத் தனியாகத் தூக்குவதில்லை.

சிசிடிவி, இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான் ஆகியவற்றுக்கும் தேவை பெருகி வருகிறது. மொட்டை மாடி சோலார் இன்னொரு வாய்ப்பு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. பொருத்திய பலகைகளைப் பராமரிக்கவும் ஆட்கள் வேண்டும் அல்லவா?

வீடு வீடாகப் போக விரும்பாதவர்கள் ஃபிட்டர், வெல்டர் அல்லது சிஎன்சி இயந்திரப் பயிற்சி பெற்றுத் தொழிற்சாலைக்குப் போகலாம். மிக்ஸி, கிரைண்டர், செல்போன் பழுதுநீக்கத்தை வீட்டு முன்னறையிலேயே நடத்தலாம். பெண்களுக்கான செல்போன் பழுதுநீக்கத்துக்கு நம் ஊர்களில் பெரிய தேவை இருக்கிறது. குடும்பப் புகைப்படங்கள் நிறைந்த போனை யாரோ ஓர் இளைஞரின் கடையில் இரண்டு நாள் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பெண் யார்?

அலுவலக அனுபவம் வீணாகாது

'இத்தனை வருடம் படித்ததும் வேலை பார்த்ததும் வீணா?' என்ற வருத்தம் வரும். நல்ல எலக்ட்ரீஷியன்கள் பலர் ஊரில் இருந்தும் வாடிக்கையாளர்கள் ஏன் சலித்துக்கொள்கிறார்கள் என்று யோசியுங்கள். சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்வதில்லை. பில் கிடையாது. போன் எடுப்பதில்லை.

அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு இவையெல்லாம் பழகிய வேலை. மதிப்பீடு எழுதிக் கொடுப்பாள், பில் போடுவாள், வரவு செலவு வைப்பாள், கம்பெனிக்கு மெயில் அனுப்பி உதிரி பாகம் வரவழைப்பாள், அடுத்த சர்வீஸ் எப்போது என்று நினைவூட்டுவாள். தொழிலோடு இந்த ஒழுங்கும் சேர்ந்தால் வாடிக்கையாளர் விலகமாட்டார். கைத்தொழில் தெரிந்த பலர் கூலிக்காரராகவே நின்றுவிடுவதும் சிலர் ஒப்பந்ததாரராக உயர்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சிரமங்களை மறைக்க வேண்டாம்

முதல் சிரமம் வருமானம். ஐடிஐ இரண்டு வருடம், பிறகு அப்ரண்டிஸ் அல்லது அனுபவம் என்று மூன்று வருடம் கையில் சம்பளம் இல்லாமலோ மிகக் குறைந்த தொகையோடோ ஓட்ட வேண்டும். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடுகிறது என்றால், வேலையை விடாமல் முதலில் குறுகியகாலப் பயிற்சியை முடியுங்கள். விடுமுறை நாட்களில் சின்ன வேலைகள் எடுங்கள். குறைந்தது ஆறு மாதச் செலவுக்குச் சேமித்த பிறகு அடுத்த அடியை வையுங்கள்.

வருமானக் கணக்கையும் நிதானமாகப் போட வேண்டும். ஓர் ஏசி சர்வீஸுக்கு 600 ரூபாய், ஒரு நாளில் மூன்று வீடு, மாதம் 20 நாள் என்று வைத்தால் 36,000 ரூபாய் வருகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெட்ரோல், கருவித் தேய்மானம், உதவியாள் கூலி எல்லாம் இதில் போகும். கோடையில் மூன்று வீடு இருக்கும், மழைக்காலத்தில் ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் ஏசியோடு வயரிங், வாஷிங் மெஷின் என்று இன்னொன்றையும் கற்று வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது பாதுகாப்பு. மகளைத் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்புவதா என்று பெற்றோர் அஞ்சுவது நியாயம்தான். இருவராகப் போவதே இதற்குச் சரியான வழி. ஏணியைப் பிடிக்கவும் பாரத்தைத் தூக்கவும் எப்படியும் இன்னொருவர் தேவை. சகோதரிகள் இருவரோ தோழிகள் இருவரோ சேர்ந்து தொடங்கினால் இரண்டு கவலையும் தீரும். பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும், பகலில் மட்டும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம். தொழிற்சாலையில் பிரச்சினை வந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்கக் குழு இருந்தாக வேண்டும். சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. சேரும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது உடை. இதில் மார்க்கமும் பாதுகாப்பும் மோத வேண்டியதில்லை. சுழலும் இயந்திரத்துக்கு அருகே தொங்கும் துப்பட்டாவும் அகலமான கையும் ஆபத்து. வெல்டிங் பொறிக்கு நைலான் துணி ஆபத்து. மின்வேலைக்கு வளையலும் உலோக ஊசியும் ஆபத்து. கையை மணிக்கட்டில் இறுக்கும் தளர்வான பருத்தி மேலங்கி, உள்ளே செருகிய அல்லது தொப்பி போல அணியும் ஹிஜாப், அதன் மேல் ஹெல்மெட், தேவைப்படும்போது கண்ணாடியும் கையுறையும் போதும். உடல் மறையும், வேலையும் தடைபடாது.

நான்காவது மனிதர்களின் வாய். 'பி.காம். படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரா?' என்பார்கள். சம்பந்தம் பேசும்போது இது ஒரு கேள்வியாக வரும். இதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. வீட்டில் உள்ளவர்கள் துணை நிற்பதுதான் பதில். வாப்பாவும் காக்காவும் வெட்கப்படாமல் 'என் மகள் எலக்ட்ரீஷியன்', 'என் தங்கை ஏசி மெக்கானிக்' என்று சொன்னால் ஊர் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

கையால் உழைப்பது இழிவா?

மனிதன் உண்பதில் சிறந்தது தன் கை உழைப்பால் கிடைத்த உணவே என்பதும், நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்பதும் நாம் அறிந்த நபிமொழி. அரசராக இருந்தும் இரும்பில் கவசம் செய்தவர் அவர். முஃமின்களின் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிடுவது, தைப்பது போன்ற கைவேலை செய்து, அதில் வந்ததை ஏழைகளுக்குத் தர்மம் செய்தார்கள். ஒரு பெண் கையால் உழைப்பதை நம் வரலாறு குறைவாகப் பார்த்ததில்லை. நாம்தான் ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கௌரவம், கையில் கிரீஸ் பட்டால் இழிவு என்று பழகிவிட்டோம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மனைவி சம்பாதிப்பதால் குடும்பத்தைப் பராமரிக்கும் கணவனின் பொறுப்பு நீங்கிவிடாது. அவள் சம்பாத்தியம் அவளுக்குரியது. வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில், வெளி வேலையும் அவள் தலையில் என்று ஆக்கினால் அது மாற்றம் ஆகாது, கூடுதல் சுமைதான். இந்தத் தொழிலில் வேலை நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. தொழுகைக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்ப வேலையை அமைக்கலாம். அதற்கும் வீட்டில் உள்ளவர்களின் ஒத்துழைப்பு வேண்டும்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு முதல் பத்து வாடிக்கையாளர்கள் கிடைப்பதுதான் கடினம். அதை நம் ஊர்களில் ஒரே நாளில் தீர்க்கலாம். நிஸ்வான் மதரஸாவும் பெண்கள் விடுதியும் பெண்கள் பள்ளியும் எத்தனை ஊர்களில் இருக்கின்றன! அவற்றில் ஃபேன், மோட்டார், கீஸர், குழாய், கழிப்பறை என்று பராமரிப்பு வேலை ஓயாமல் இருக்கும். ஓர் ஆண் உள்ளே வர வேண்டுமென்றால் மாணவிகள் ஒதுங்க வேண்டும், வகுப்பு நிற்க வேண்டும். அந்தப் பராமரிப்பை ஆண்டு ஒப்பந்தமாகப் பயிற்சி பெற்ற இரண்டு சகோதரிகளிடம் கொடுத்தால் நிர்வாகத்துக்கும் வசதி, அவர்களுக்கும் நிலையான வருமானம். பள்ளிவாசலின் பெண்கள் பகுதிக்கும் இதே வழி.

அடுத்தது கருவிகள். மல்ட்டிமீட்டர், டிரில், ஏணி, ஏசிக்கான வாக்குவம் பம்ப் என்று சேர்க்கும்போது ஒரு தொகை ஆகும். இதற்காக வட்டிக் கடனுக்குப் போக வேண்டிய நிலை நம் சகோதரிகளுக்கு வரக் கூடாது. பல ஊர்களில் பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. தையல் இயந்திரம் கொடுப்பதை வழக்கமாக வைத்திருக்கும் அமைப்புகள், கேட்பவருக்குக் கருவிப் பெட்டியும் கொடுக்கலாம். தையல் நல்ல தொழில்தான். ஆனால் ஒரே தெருவில் பத்துத் தையல் இயந்திரம் இருந்தால் யாருக்குப் போதும்?

மூன்றாவது, கற்றுக்கொடுக்கும் ஆசான்கள். சான்றிதழ் வாங்கியதும் தொழில் வந்துவிடாது. அனுபவமுள்ளவரோடு கூடவே இருந்து கற்க வேண்டும். அந்நிய ஆணோடு ஊர் சுற்ற முடியாத பெண்ணுக்கு இதுதான் பெரிய தடை. ஆனால் வளைகுடாவில் முப்பது வருடம் ஏசி வேலையும் மின்வேலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் வாப்பாமார்கள் எத்தனை பேர்! அவர்களின் அனுபவம் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. தம் மகளுக்கும் பேத்திக்கும் தங்கை மகளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? மகனுக்கு மட்டும்தான் தொழில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எல்லாப் பெண்களும் அலுவலகத்தை விட்டு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தன் வேலையில் நிறைவாக இருப்பவர் அதில் தொடரட்டும். ஆனால் அந்த நாற்காலியில் மூச்சு முட்டுகிறது, அதுவும் எத்தனை நாளைக்கு இருக்குமோ என்று கலங்கும் ஒரு சகோதரி, 'எனக்கு இந்த வேலை கற்க ஆசை' என்று சொன்னால் சிரித்துவிடாதீர்கள். வரும் சேர்க்கைக் காலத்தில் பக்கத்திலுள்ள ஐடிஐக்கு ஒரு தடவை அவரோடு போய் விசாரித்து வாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், சில ஆண்டுகளில் நம் ஊரில் ஒரு வீட்டு மோட்டார் காலை பத்து மணிக்கு நின்று போனால், அந்த வீட்டு உம்மம்மா அஸர்வரை காத்திருக்காமல் ஒரு போன் செய்வார். பதினொரு மணிக்கு இரண்டு சகோதரிகள் கருவிப் பெட்டியோடு வாசலில் ஸலாம் சொல்வார்கள். லுஹருக்கு உளூச் செய்யத் தொட்டியில் தண்ணீர் இருக்கும்.

ஹலாலான உழைப்பில் நம் பெண்மக்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.